முடிவுள்ள கதை ஆட்டங்களைத் தனியே பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளிகளுக்கு விடுமுறை விடும் காலத்தில் வீடியோ கேம் பற்றிய எச்சரிக்கைக் கட்டுரைகள் நாளிதழ்களில் வருவது வழக்கமாகிவிட்டது. பிள்ளைகளின் கண், தூக்கம், படிப்பு, பெற்றோரின் பணம் ஆகியவை பற்றிய கவலை அவற்றில் நியாயமாகவே பேசப்படுகிறது. ஆனால் பணம் பறிக்கும் சூதாட்டச் செயலியும், எத்தனை நாள் ஆடினாலும் தீராத கைப்பேசிச் சண்டை ஆட்டமும், ஐம்பது மணி நேரத்தில் ஒரு மனிதனின் வாழ்க்கையைச் சொல்லி முடிக்கும் கதை ஆட்டமும் அங்கே ஒரே பெயரால் குறிக்கப்பட்டு, ஒரே தீர்ப்பைப் பெறுகின்றன. கல்லூரியில் படிக்கும் என் மகன் ஆடும்போது அருகில் அமர்ந்து கதை கேட்கத் தொடங்கி, பிறகு ஆட்டத்தை இயக்கும் கைக்கருவியான கன்ட்ரோலரை நானே கையில் வாங்கியவள் என்ற முறையில், இந்த மூன்றாவது வகையைப் பற்றி, அதிலும் மிக நீண்ட தொடர்கதையைக் கொண்ட ஆட்டங்களைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

சட்டமே இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2022இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறிய சட்டம் இணையவழிச் சூதாட்டத்தைக் குறிவைத்தது. நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றிய சட்டமோ, பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்த கையோடு, போட்டி விளையாட்டுகளையும் பொழுதுபோக்கு ஆட்டங்களையும் தனித்தனி வகைகளாகப் பிரித்தும் காட்டியது. நம் வீடுகளுக்குள் மட்டும் இந்தப் பகுப்பு இன்னும் வந்து சேரவில்லை.

கதை எதற்காக அவ்வளவு நீள வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' என்ற ஆட்டம் 2018 அக்டோபரில் வெளிவந்தது. 1899ஆம் ஆண்டின் அமெரிக்காவில், சட்டத்தின் பிடி நாளுக்கு நாள் இறுகிவர, ஊர் விட்டு ஊர் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கொள்ளைக் கூட்டத்தின் கதை அது. ஆறு அத்தியாயங்களும் பின்கதையும் கொண்டது. கிளைக்கதைகளில் இறங்காமல் மையக்கதையை மட்டும் தொடர்ந்தாலும் ஏறக்குறைய 50 மணி நேரம் ஆகும். இரண்டாம் அத்தியாயத்தில் நாயகன் ஆர்தர் மார்கன், கூட்டத்தார் வட்டிக்கு விட்ட பணத்தை வசூலிக்க ஓர் ஏழை விவசாயியின் வீட்டுக்குப் போகிறான். தோட்டத்தில் நிற்கும் அந்த நோயாளி மனிதரைப் பிடித்து அடிக்கிறான். அடிப்பதற்குப் பொத்தானை அழுத்துவது ஆடுபவரின் விரல். அடிபடும் விவசாயிக்கு இருமல் வந்து, ரத்தம் ஆர்தரின் முகத்தில் தெறிக்கிறது. அதைத் துடைத்துவிட்டு அவன் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறான், நாமும் மறந்துவிடுகிறோம். குதிரையில் எத்தனையோ காடு மேடுகளைக் கடந்து, கூட்டாளிகள் சிலரை இழந்து, பல இரவுகள் ஆடி முடித்த பிறகு ஒருநாள் நகரத்துத் தெருவில் ஆர்தருக்கே அந்த இருமல் வருகிறது. மருத்துவர் காசநோய் என்கிறார். அடிபட்டவரின் மனைவியும் மகனும் பிற்பாடு எந்த நிலையில் எதிர்ப்படுகிறார்கள் என்பதை ஆடப் போகிறவர்களுக்காகச் சொல்லாமல் விடுகிறேன்.

வட்டிக்காரன் வாசலில் வந்து நின்றால் ஒரு குடும்பம் என்ன ஆகும் என்பதைக் காவிரிப் படுகையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் காட்சியை இரண்டரை மணி நேரத் திரைப்படத்திலும் வைக்கலாம்தான். ஆனால் பார்ப்பவர் முதல் அடியை மறந்திருக்க மாட்டார். செய்த பாவத்தைச் செய்தவரே மறந்துபோகும் அளவுக்குக் காலம் கடந்து, பிறகு அது அவரைத் தேடி வருவதை உணர்த்துவதற்கு அந்த 50 மணி நேரம் தேவைப்படுகிறது. நீளம் அங்கே கதையின் உறுப்பாகவே இருக்கிறது.

எல்லா நீளமும் இப்படிப்பட்டதன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2020இல் வந்த 'அசாசின்ஸ் கிரீட் வல்ஹல்லா'வில் இங்கிலாந்தின் ஒவ்வொரு பகுதிக்கும் சென்று, அங்குள்ள பூசலைத் தீர்த்து, ஆதரவு வாங்கி, அடுத்த பகுதிக்குப் போக வேண்டும். நாலைந்து பகுதிகளுக்குப் பின் எனக்குச் சலித்துவிட்டது. மணிக்கணக்கை மட்டும் பெருமையாகச் சொல்லும் விளம்பரங்களை நம்ப வேண்டியதில்லை.

தொடர்ச்சி என்று பார்த்தால், ஜப்பானின் ஃபால்கம் நிறுவனம் 2004இல் தொடங்கிய 'டிரெயில்ஸ்' வரிசைக்கு இணை சொல்வது கடினம். பத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் வந்துவிட்டன. அத்தனையும் ஒரே கண்டத்தில், ஒரே காலவோட்டத்தில் நடப்பவை. ஒரு சிறு நாட்டில் தொடங்கும் கதை, அண்டை நாடுகளுக்குப் பரவி, ஒரு பாகத்தில் ஓரமாக வந்துபோனவரை இன்னொரு பாகத்தில் நடுவில் கொண்டுவந்து நிறுத்துகிறது. அதில் என்னை மிகவும் ஈர்த்தது ஊர் மக்களின் பேச்சு. கதையில் ஒரு நிகழ்ச்சி நடந்து முடிந்ததும் கடைக்காரர், காவலர், பள்ளிப் பிள்ளை என்று எல்லோரும் பேசுவது மாறிவிடுகிறது. முன்பு கணவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் மறுபடி போய்ப் பேசினால், அந்தச் சண்டை எதுவரை வந்திருக்கிறது என்பது தெரியும். கதைக்கு அவர்களால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனாலும் அவர்களுக்கென்று ஒரு வாழ்க்கையை எழுதிவைத்திருக்கிறார்கள்.

நாள்கணக்கில் ஒரு கதையோடு இருப்பது நமக்குப் புதிதும் அன்று. நம் பகுதியில் திரௌபதி அம்மன் கோயில்களில் தீமிதிக்கு முன் பல நாள்கள் பாரதம் படிப்பதுண்டு. கதை தெரிந்தவர்களே முன்வரிசையில் அமர்ந்து, பாஞ்சாலி சபைக்கு இழுத்துவரப்படும்போது ஒவ்வொரு முறையும் கண்கலங்குகிறார்கள். அத்தனை இரவும் தவறாமல் வந்து அமர்ந்தவரைப் பார்த்து இவருக்கு அடிமைப் பழக்கம் என்று யாரும் சொல்வதில்லை. தீமிதி முடிந்ததும் அவரவர் வயல் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். முடிவுள்ள கதைக்கும் முடிவில்லாத ஆட்டத்துக்கும் உள்ள வேறுபாடும் இதுவே: ஒன்று ஆடுபவரைத் திருப்பி அனுப்பிவிடுகிறது, மற்றொன்று, நாளையும் வந்தால் பரிசு, வராவிட்டால் இழப்பு என்று சொல்லிப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பெற்றோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இந்த ஆட்டத்துக்கு முடிவு உண்டா என்பதே. எத்தனை மணி நேரம் என்பது அதற்கு அடுத்தது.

இதையொட்டி வீடுகளில் தினமும் நடக்கும் ஒரு தகராறையும் குறிப்பிட வேண்டும். அணைத்துவிட்டு வா என்றால் இரண்டு நிமிடம் என்று பிள்ளை கெஞ்சுவது எப்போதும் சாக்குப்போக்கு அன்று. பல கதை ஆட்டங்களில் நினைத்த இடத்தில் சேவ் செய்ய, அதாவது அதுவரை ஆடியதைச் சேமித்து வைக்க முடியாது. 2016இல் வந்த, ஏறக்குறைய 100 மணி நேரம் நீளும் 'பெர்சோனா 5' ஆட்டத்தில் எதிரியின் கோட்டைக்குள் நுழைந்துவிட்டால், பாதுகாப்பான சில அறைகளில் மட்டுமே சேவ் செய்யலாம். நடுவில் பிளக்கைப் பிடுங்கினால் ஒரு மணி நேரத்து ஆட்டம் அப்படியே போய்விடும். சொல்லாமல் கொள்ளாமல் மின்சாரம் போகும் ஊர்களில் இந்த வேதனை பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அடுத்த சேவ் வந்ததும் நிறுத்து என்று சொல்லிப் பாருங்கள், பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

வசதியில்லாத பிள்ளைகளின் நிலை வேறு. மணிக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கும் கேம் சென்டர்களில் நீண்ட கதை எதையும் ஆட முடிவதில்லை. இன்று ஒருவர் விட்ட இடத்தை நாளை வேறொருவர் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கிவிடுகிறார். கால்பந்தும் கார் பந்தயமுமே அங்கே ஓடுகின்றன. சொந்தமாகக் கணினி வைத்திருப்பவருக்கும் 'பால்டர்ஸ் கேட் 3' போன்ற ஆட்டத்துக்கு 150 ஜிபி இடம் வேண்டும். நாளுக்கு இரண்டு ஜிபி தரும் கைப்பேசித் திட்டத்தில் அதை இறக்க இரண்டரை மாதம் ஆகும். எனவே கைக்கு எட்டுவது எதுவோ, அதாவது இலவசமாகக் கிடைக்கும் முடிவில்லாத ஆட்டம் எதுவோ, அதுவே நம் பிள்ளைகளுக்கு வீடியோ கேம் என்று ஆகிவிட்டது.

வயது வரம்பு பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நான் மேலே விரிவாகச் சொன்ன கொள்ளைக் கூட்டக் கதையும், 'பால்டர்ஸ் கேட் 3', 'விட்சர் 3' ஆகியவையும் ஐரோப்பிய வகைப்பாட்டில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உரியவை. கதை நன்றாக இருக்கிறது என்பதற்காக ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அவற்றைக் கொடுக்கக் கூடாது.

அடுத்தது மொழி. என் மாமியாருக்கு ஆங்கிலம் தெரியாது. மகன் ஆடி முடித்த பகுதியை மறுநாள் காலையில் அவருக்குத் தமிழில் சொல்வான். வெற்றிலையை மடித்தபடி கேட்டுவிட்டு, அந்தக் குதிரைக்காரனுக்கு இருமல் நின்றதா என்று விசாரிப்பார். நான் இதுவரை பெயர் சொன்ன ஆட்டங்கள் எதிலும் தமிழ் எழுத்து இல்லை. வேகமாக ஓடும் ஆங்கில வசனத்தைப் படித்து முடிப்பதற்குள் காட்சி போய்விடுவதால், நம் பிள்ளைகளில் பலர் அதைத் தாண்டிச் சுடும் இடத்துக்குப் போய்விடுகிறார்கள். பிறகு, ஆட்டத்தில் சுடுவது மட்டும்தான் இருக்கிறது என்று நாம் குறை சொல்கிறோம்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 'டிரெயில்ஸ்' வரிசையில் 2010லும் 2011லும் ஜப்பானில் வந்த இரண்டு பாகங்களை முதலில் ஆங்கிலமாக்கியது ரசிகர் குழு ஒன்று; ஆங்கிலப் பதிப்பை வெளியிடும் நிறுவனம் பின்னர் அந்த மொழிபெயர்ப்பையே அடிப்படையாக ஏற்று 2022, 2023ஆம் ஆண்டுகளில் அவற்றை முறைப்படி வெளியிட்டது. விக்கிப்பீடியாவைத் தமிழில் ஊதியமின்றி வளர்த்தெடுத்தவர்கள் வாழும் மொழியில் அது முடியாத செயல் அன்று. கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தை அதன் சமையலறை வழியாகவே சொன்ன 'வெண்பா' என்ற ஆட்டம் 2023இல் டொராண்டோவிலிருந்து வந்து, மறு ஆண்டே சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான, பிரிட்டனின் பாஃப்டா விருதையும் பெற்றது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் சிறுகதை அது. தமிழ்நாட்டு வாழ்க்கையை வைத்து 50 மணி நேரம் நீளும் ஆட்டத்தை நான் இதுவரை கண்டதில்லை.

தங்கள் நாளிதழ் நூல்களுக்கும் திரைப்படங்களுக்கும் விமர்சனம் வெளியிடுகிறது. அதே முறையில் மாதம் ஒரு கதை ஆட்டத்துக்காவது இடம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். கதை என்ன, எந்த வயதினருக்கு உரியது, முடிக்க எவ்வளவு நேரமாகும், இடையில் கூடுதலாகப் பணம் கேட்குமா, முடிவு உண்டா என்ற செய்திகள் அதில் இருந்தால், கடையில் பிள்ளையோடு நின்று விழிக்கும் பெற்றோருக்குப் பேருதவியாக இருக்கும். கோடை விடுமுறைக்கு முன்பே தொடங்கினால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி.