200 பார் அழுத்தம் என்று விற்கப்பட்ட பிரஷர் வாஷர் குறித்த புகார்

அனுப்புநர்:
லாரி வாட்டர் சர்வீஸ் மற்றும் துப்புரவுப் பணி நடத்துபவர்,
நாமக்கல்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்,
பிரஷர் வாஷர் விற்பனை நிறுவனம்,
கோயம்புத்தூர்.

நாள்: 15.09.2025

பொருள்: பெட்டியில் அச்சிட்ட திறன் இல்லாத பிரஷர் வாஷரை விற்றதும், பழுதான பம்புக்கு வாரண்டியை மறுத்ததும் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். கடந்த 14.07.2025 அன்று தங்கள் கோயம்புத்தூர் விற்பனையகத்தில் சிங்கிள் ஃபேஸ் மின்சாரத்தில் இயங்கி, தண்ணீரை அழுத்தத்துடன் பீய்ச்சிக் கழுவும் பிரஷர் வாஷர் ஒன்றை 34,500 ரூபாய்க்கும், தரை கழுவுவதற்கான 15 அங்குலச் சுழல் தட்டு ஒன்றை 6,200 ரூபாய்க்கும் வாங்கினேன். நாற்பதே நாளில், 23.08.2025 அன்று, ஒரு கல்யாண மண்டபத்தில் வேலை நடந்துகொண்டிருந்தபோது பம்பு நின்றுவிட்டது. அதைச் சேலத்திலுள்ள தங்கள் சர்வீஸ் சென்டரில் ஒப்படைத்தேன். பத்து நாள் கழித்து, தண்ணீர் இல்லாமல் ஓட்டியதால் பம்பில் கசிவைத் தடுக்கும் சீல் எரிந்துவிட்டது என்றும், அது வாரண்டியில் வராது என்றும், சரிசெய்ய 9,800 ரூபாய் ஆகும் என்றும் ஒற்றை வரியில் பதில் வந்தது. அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. பழுது பற்றிய தகராறு ஒருபுறம் இருக்க, பழுதாவதற்கு முன்பே அந்த இயந்திரம் தாங்கள் விற்ற பொருளாக இருக்கவில்லை என்பதே என் முதல் புகார்.

இயந்திரத்தின் மீதும் பெட்டியின் மீதும் மூன்று எண்கள் அச்சிடப்பட்டுள்ளன: 200 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம், நிமிடத்துக்கு 15 லிட்டர் நீர், 2.2 கிலோவாட் மோட்டார். வாங்கும்போது இம்மூன்றையும் தனித்தனியே படித்து மகிழ்ந்தேனே தவிர, ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கும் அறிவு எனக்கு அன்று இல்லை. எங்கள் பகுதியில் முப்பது ஆண்டுகளாக லாரி கழுவும் பெரியவர் ஒருவர், தண்ணீரைப் பீய்ச்சும் என் கன்னைப் பிடித்து அரை நிமிடம் அடித்துப் பார்த்துவிட்டு, ஒரு பக்கெட்டைக் கொண்டுவரச் சொன்னார். 20 லிட்டர் பக்கெட்டுக்குள் கன்னை வைத்து, விசையை முழுவதும் அழுத்தி, கைப்பேசியில் நேரம் பார்த்தோம். பக்கெட் நிரம்ப 2 நிமிடம் 20 விநாடி ஆனது. மூன்று முறை செய்தும் இரண்டு மூன்று விநாடிகளுக்கு மேல் வேறுபாடு இல்லை. அப்படியானால் நிமிடத்துக்கு வருவது ஏறத்தாழ 8.6 லிட்டர். பிறகு அவருடைய அழுத்தமானியைக் கன்னுக்கு முன்னால் பொருத்தி, கன்னின் நுனியில் மாட்டத் தாங்கள் கொடுத்த 04 துளை அளவுள்ள நாசிலுடன் ஓட்டிப் பார்த்தோம். முள் 90 பாரைத் தாண்டவில்லை. அந்த நாசிலின் துளை அளவுக்கும் 8.6 லிட்டருக்கும் கணக்குப் போட்டாலும் ஏறக்குறைய அதே 90 பார்தான் வருகிறது என்பதால், அழுத்தமானி பழையது என்று சொல்லித் தாங்கள் இதைத் தள்ளிவிட முடியாது.

இது என் இயந்திரத்தில் மட்டும் நேர்ந்த குறையா, தங்கள் அச்சிலேயே உள்ள குறையா என்று அறிய அளவிடவே தேவையில்லை, பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். பாரையும் நிமிடத்துக்கான லிட்டரையும் பெருக்கி 600 ஆல் வகுத்தால் அந்த நீரைத் தள்ளத் தேவையான கிலோவாட் கிடைக்கும். 200 ஐ 15 ஆல் பெருக்கி 600 ஆல் வகுத்தால் வருவது 5 கிலோவாட். பம்பிலும் மோட்டாரிலும் ஆகும் இழப்பைச் சேர்க்காமலே இவ்வளவு. தங்கள் மோட்டாரோ 2.2 கிலோவாட், அதாவது 3 குதிரைத்திறன். துளி இழப்பும் இல்லாத பம்பு உலகில் இருந்தால்கூட, 2.2 கிலோவாட்டைக் கொண்டு 15 லிட்டரைத் தள்ளினால் 88 பார்தான் கிடைக்கும். 200 பார் வேண்டுமென்றால் 6.6 லிட்டருடன் நிற்க வேண்டும். இன்னும் எளிதாகச் சொல்வதானால், இயந்திரத்துடன் தாங்கள் கொடுத்திருப்பது 16 ஆம்பியர் பிளக். அதிலிருந்து 230 வோல்ட்டில் எடுக்கக்கூடிய மொத்த மின்சாரமே 3.7 கிலோவாட்டுக்குள் அடங்கிவிடும். ஐந்து படி பால் கொடுப்பதாக விற்ற மாட்டின் மடியே நான்கு படி கொள்ளாது என்றால், வாங்கியவன் கறக்கத் தெரியாதவன் என்று சொல்வது நியாயமா?

இதைத் தொலைபேசியில் கேட்டபோது, 200 பார் என்பது அதிகபட்ச அழுத்தம், வேலை அழுத்தம் வேறு என்று தங்கள் விற்பனைப் பிரதிநிதி விளக்கினார். அந்த வேலை அழுத்தம் எவ்வளவு என்று கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை. பெட்டியிலும் இல்லை, விலைச்சீட்டிலும் இல்லை. கன்னை மூடிய கணத்தில் குழாய்க்குள் துள்ளும் அழுத்தத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு, கழுவும்போது வரும் அழுத்தத்தை எங்குமே சொல்லாமல் விடுவது எழுத்துப் பிழை அன்று என்பது என் கருத்து. அப்படியே விட்டாலும், நீரளவுக்கு அதிகபட்சம், வேலை அளவு என்ற இரண்டு கணக்கு ஏது? 15 லிட்டர் எங்கே போயிற்று என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

இந்த வேறுபாடு காகிதத்தில் மட்டும் இருக்கும் வேறுபாடு என்று தாங்கள் கருதக்கூடும். வேலை செய்பவனுக்கு நீரளவுதான் நேரம். அழுத்தம் அழுக்கைப் பெயர்க்கும். பெயர்ந்த சேற்றையும் பாசியையும் தள்ளிக்கொண்டு போவது நீரின் அளவு. லாரியின் அடிச்சட்டத்தில் கிரீஸோடு காய்ந்த மண்ணைக் கழுவும்போதும், கோழிப்பண்ணைக் கொட்டகையில் எச்சத்தைச் சுரண்டி ஊறவைத்த பிறகு அலசும்போதும் இது கைக்குத் தெரியும். மேற்சொன்ன மண்டபத்தின் வண்டி நிறுத்துமிடம் 4,000 சதுர அடி, முழுவதும் பாசி பிடித்த பேவர் பிளாக். ஆவணி முகூர்த்தத்துக்கு முன்னால் ஒரே நாளில் முடித்துத் தருவதாக 6,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டேன். 15 லிட்டரும் சுழல் தட்டும் இருக்கும் நம்பிக்கையில் சொன்ன நேரம் அது. தட்டுக்குள் இருக்கும் இரண்டு நாசில்களுக்கும் 8.6 லிட்டரைப் பங்கிட்டபோது, தட்டு சோம்பலாகச் சுற்றியதே தவிர பாசி போகவில்லை. வேறு வழியின்றித் தட்டைக் கழற்றிவிட்டு, தண்ணீரை 15 பாகை அகலத்துக்கு விரிக்கும் மஞ்சள் நிற நாசிலைக் கொண்டு கோடு கோடாக அடிக்க வேண்டியதாயிற்று. தரையில் பட்டை பட்டையாகத் தடம் விழுந்தது. கற்களின் இடுக்கிலிருந்த மணலும் பல இடங்களில் வெளியேறிவிட்டது. மாலை வரை பாதிகூட முடியாத நிலையில்தான் பம்பும் நின்றது. இரவோடு இரவாக த்ரீ ஃபேஸ் இயந்திரம் ஒன்றை 3,500 ரூபாய் வாடகைக்கு எடுத்து, மறுநாள் மணலும் வாங்கி நிரப்பி, வேலையை முடித்துக் கொடுத்தேன். மண்டபத்தார் பணத்தைக் குறைக்கவில்லை. ஆனால் அடுத்த வேலைக்கு என்னை அழைக்கவும் இல்லை.

இனி, தண்ணீர் இல்லாமல் ஓட்டினேன் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். இயந்திரத்தைத் தரும்போது, மேல்நிலைத் தொட்டியிலிருந்து அரை அங்குலக் குழாயை நேராக இணைத்தால் போதும், எவ்வளவு நீளமானாலும் தண்ணீரைத் தானே இழுத்துக்கொள்ளும் என்று தங்கள் பிரதிநிதி கூறினார். மண்டபத்தில் 12 அடி உயரத் தொட்டியிலிருந்து 30 மீட்டர் அரை அங்குலக் குழாய் வழியாகவே தண்ணீர் கொடுத்தேன். 12 அடி உயரம் என்பது 0.4 பார்கூட இல்லாத அழுத்தம். அவ்வளவு நீளமான மெல்லிய குழாயில் உராய்வே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். தண்ணீர் நிற்கவில்லை, ஆனால் பம்பு கேட்ட அளவுக்கு வரவில்லை. அப்படிப்பட்ட நிலையில் உறிஞ்சும் பக்கத்தில் குமிழ்கள் உருவாகி உடைந்து, பம்புக்குள் சரளைக்கல் உருள்வது போன்ற ஓசை எழும். வால்வும் சீலும் அரிக்கப்படும். அந்த ஓசையை நான் முதல் வாரத்திலேயே கேட்டுத் தங்கள் பிரதிநிதியிடம் சொன்னேன். புது இயந்திரம், ஓட ஓடச் சரியாகிவிடும் என்றார். முக்கால் அங்குலக் குழாயும், அருகில் ஒரு டிரம்மில் தண்ணீர் தேக்கி அதிலிருந்து எடுக்கும் ஏற்பாடும் வேண்டும் என்று அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், 500 ரூபாய்ச் செலவில் இது முடிந்திருக்கும்.

இன்னொரு சான்றும் உண்டு. பம்பின் எண்ணெய்க் கண்ணாடியில் எண்ணெய் பால் போல வெளுத்திருந்ததைக் கண்டு, 09.08.2025 அன்று படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். எண்ணெய் வெளுப்பது அதில் தண்ணீர் கலந்ததற்கு அடையாளம். தண்ணீர்ப் பக்கத்துச் சீல் கசிகிறது என்று பொருள். பரவாயில்லை, ஒரு வருடத்துக்கு எண்ணெய் மாற்ற வேண்டாம் என்று பதில் வந்தது. தாங்கள் சொல்லும் 'தண்ணீரில்லாத ஓட்டம்' 23 ஆம் தேதி நிகழ்ந்தது என்றால், அதற்கு இரண்டு வாரம் முன்பே எண்ணெய்க்குள் தண்ணீர் வந்தது எப்படி? இயந்திரம் ஓடிய நேரத்தை நாள்தோறும் குறித்துவைக்கும் நோட்டின்படி, நின்ற அன்று மொத்தம் 64 மணி நேரமே ஓடியிருந்தது. முதல் 50 மணி நேரத்தில் எண்ணெயை மாற்ற வேண்டும் என்று தங்கள் கையேட்டில் அச்சிட்டிருப்பதை, பம்பு நின்ற பிறகு என் மகள் படித்துச் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கையேட்டில் ஆங்கிலமும் சீனமும் மட்டுமே உள்ளன.

என் பக்கத்துத் தவறையும் மறைக்க விரும்பவில்லை. ஒருமுறை தொலைபேசி அழைப்பு வந்தபோது, மோட்டாரை அணைக்காமல் கன்னை மட்டும் மூடிவிட்டுப் பத்து நிமிடத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தேன். கன் மூடியிருக்கும்போது தண்ணீர் வெளியேற வழியின்றிப் பம்புத் தலைக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சுற்றிச் சூடாகும், இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் அப்படி விடக் கூடாது என்பது எனக்குத் தெரியாது. தெரியாதது மட்டுமன்று, கன்னை மூடிவிட்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் விடலாம், இதில் தண்ணீரைத் திருப்பிவிடும் பைபாஸ் இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னதும் தங்கள் பிரதிநிதியே. சூடு மிகுந்தால் தண்ணீரைத் தானாக வெளியேற்றும் சிறு வால்வு இந்த பம்பில் இல்லை என்பதையும் சர்வீஸ் சென்டரில் திறந்தபோது நேரில் பார்த்தேன்.

விற்பனையகத்தில் கண்ட வேறொன்றையும் சொல்லியாக வேண்டும். செய்முறை காட்டிய இளைஞர், தம் காலில் ஒட்டியிருந்த சேற்றை அதே கன்னால் கழுவிக் காட்டினார். பிறகு தண்ணீரை விரிக்காமல் ஒற்றைத் தாரையாக அடிக்கும் சிவப்பு நிற 0 பாகை நாசிலை மாட்டி, லாரி டயரின் பக்கவாட்டில் ஒரு சாண் தூரத்தில் பிடித்து அடித்தார். இந்தத் தாரை தோலைத் துளைத்து உள்ளே புகும். வெளியே ஊசி குத்தியது போல மட்டுமே தெரிந்தாலும் உடனே அறுவை மருத்துவரிடம் போக வேண்டிய காயம் அது. டயரின் பக்கவாட்டும் அவ்வாறே உள்ளுக்குள் பழுதாகிப் பின்னர் ஓட்டத்தில் வெடிக்கலாம். நெடுஞ்சாலையில் பாரம் ஏற்றிச் செல்லும் வண்டிகளைக் கழுவும் எங்களுக்கு இப்படிக் கற்றுக்கொடுப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதைத் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடியைப் பற்றியோ, மின்கசிவைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் சுவிட்சைப் பற்றியோ அவர் பேசவே இல்லை. ஈரத் தரையில் நின்று வேலை செய்பவனுக்கு அதுதான் முதலில் சொல்ல வேண்டியது.

ஆகவே நான் கேட்பது இவ்வளவே. இயந்திரத்துக்கும் சுழல் தட்டுக்கும் நான் செலுத்திய 40,700 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். அல்லது வேலை செய்யும்போது அச்சிட்டபடியே நீரும் அழுத்தமும் தரும் இயந்திரத்தை, என் முன்னிலையில் பக்கெட்டும் அழுத்தமானியும் வைத்து அளந்து காட்டித் தர வேண்டும். அப்படிப்பட்ட இயந்திரம் த்ரீ ஃபேஸில்தான் இயங்கும் என்பதை அறிவேன். என் பட்டறையில் அந்த இணைப்பு உண்டு. வாடகைக்குக் கொடுத்த 3,500 ரூபாயையும் ஏற்க வேண்டும். மேலும் பெட்டியில் வேலை அழுத்தத்தை அச்சிடுவதும் தமிழில் கையேடு தருவதும் என் ஒருவனுக்கான கோரிக்கைகள் அல்ல.

தொழிலுக்காக வாங்கியதால் நான் நுகர்வோர் ஆக மாட்டேன் என்று தங்கள் சர்வீஸ் சென்டரில் ஒருவர் கூறினார். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கித் தானே பயன்படுத்துபவரை 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே கருதுகிறது என்பதை அவருக்கும் தெரிவிக்கவும். இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்து வடிவில் பதில் வராவிட்டால், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன். விலைச்சீட்டு, வாட்ஸ்அப் உரையாடலின் நகல், பக்கெட் சோதனையின் காணொளி ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

இயந்திரம் இன்னும் தங்கள் சேலம் சர்வீஸ் சென்டரில் திறந்த நிலையில் கிடக்கிறது. கழற்றிய சீல்களையும் வடித்த எண்ணெயையும் எறிந்துவிடாமல், இந்தப் புகார் முடியும்வரை அப்படியே வைத்திருக்குமாறு அவர்களுக்கு இன்றே அறிவுறுத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
நாமக்கல்.