கத்தரிச் செடிகளைக் காப்பாற்றித் தந்த தெருவுக்கு

எங்கள் தெருவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று ராத்திரி பெய்த மழையில் கொல்லை மண் நன்றாக நனைந்திருக்கிறது. கத்தரியும் கொத்தவரையும் உயிரோடு நிற்கின்றன. மனசு குளிர்ந்திருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஆழ்துளைக் கிணறு வற்றியதையும் அப்புறம் நாம் எல்லோரும் பட்ட பாட்டையும் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. குடிக்கிற தண்ணீரையே குடக்கணக்கில் காசு கொடுத்து வாங்கிய நேரத்தில், செடிக்காகக் கவலைப்பட்டவளைப் பார்த்து ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. காவிரிக் கரையில் குச்சியை ஊன்றினாலே துளிர்க்கிற மண்ணில் வளர்ந்தவள் நான். பரமக்குடியில், வைகை வெறும் மணலாகக் கிடக்கிற சித்திரையில் தோட்டம் போடுவது எனக்குப் புதுப் பாடம். அதைக் கற்றுத் தந்தவர் எதிர்வீட்டு அம்மாச்சி.

அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள், வாய் உடைந்த பழைய மண்பானை ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு அவராகவே கொல்லைக்குள் வந்தார். தேங்காய் நாரால் பானையின் பாசியைத் தேய்த்து எடுத்தார். தூக்குவாளியில் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றிவிட்டு, வெளிப்புறத்தை முந்தானையால் துடைத்தார். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் மறுபடி ஈரம் கட்டியது. "வேர்க்குது பாரு தாயி. வேர்க்குற பானைதான் செடிக்கு ஆகும்" என்றார். இரண்டு கத்தரிக்கு நடுவே கழுத்துவரை புதைத்துவிட்டு, மேலே ஒரு பழைய தட்டைக் கவிழ்த்தார். "மூடாம விட்டா பாதி வெயிலுக்கு, மீதி கொசுவுக்கு."

அன்றிலிருந்து காலையில் அந்தத் தூக்குவாளி தவறியதே இல்லை. அரிசி களைந்த முதல் கழுநீர் அவர் வீட்டு மாட்டுக்கு. இரண்டாவது தடவை களைந்து, தெளியவைத்து இறுத்தது என் பானைக்கு. கலங்கலாக ஊற்றினால், தண்ணீர் கசிகிற பானையின் நுண்ணிய கண் அடைத்துக்கொள்ளுமாம். அவர் வீட்டிலும் தண்ணீர் விலைக்குத்தான் வந்தது. அந்த வாளித் தண்ணீரில் அவர் வாசல் தெளித்திருக்கலாம், நாலு பாத்திரம் அலசியிருக்கலாம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பிறகு இந்தப் பானைப் பாசனத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். மண் காயக் காய பானை கூடுதலாகக் கசியும். ஈரமானதும் கசிவு தானாகக் குறையும். சீனாவில் கி.மு. முதல் நூற்றாண்டிலேயே இந்த முறையை எழுதி வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் ஹரியானா மாநிலம் கர்னாலில் உள்ள மத்திய மண் உவர்மை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1970-களில் இதை ஆராய்ந்து, உப்புத் தண்ணீரை ஊற்றியும் காய்கறி விளைவித்திருக்கிறார்கள். உப்புக் கரிக்கிற நம் தெருத் தண்ணீருக்கு இதைவிட நல்ல சேதி வேறு இல்லை. அம்மாச்சிக்கு இது எதுவும் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவருக்குப் பானையைத் தெரியும், மண்ணைத் தெரியும்.

இன்னும் பலருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். கேட்காமலே ஆட்டுப்புழுக்கை மூட்டையை இறக்கிவிட்டுப் போன, ஆடு மேய்க்கும் கீதாரி அண்ணன், மண் காயாமல் மேலே பரப்பும் மூடாக்குக்குச் சருகு பொறுக்கித் தந்த பிள்ளைகள், பந்தல் போடப் பச்சை வலை கொடுத்த கடைசி வீட்டு மதினி, குடத்துக்குக் காசு வாங்கினாலும் கடைசிக் குடத்தைச் சும்மா ஊற்றிவிட்டுப் போன டிராக்டர் தம்பி, எல்லோருக்கும் நன்றி. குண்டு மிளகாய் நாற்று கொடுத்த அய்யாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைச் செய்தியில் படித்திருக்கிறேன். அது இந்த வெயிலுக்கு அசராமல் நிற்பதை இப்போதுதான் கண்ணால் பார்க்கிறேன்.

முதல் கத்தரிக்காய் அம்மாச்சி வீட்டுக்குத்தான். அதில் மாற்றமில்லை. இனி எங்கள் வீட்டில் அரிசி களைந்த தண்ணீர் சாக்கடைக்குப் போகாது.

ஆடியில் விதைக்கலாமா என்று அம்மாச்சியிடம் கேட்டேன். "நம்ம சீமைக்கு மழை பெறகுதான் தாயி. புரட்டாசிக்கு விதை" என்று சொல்லியிருக்கிறார். அதற்குள் பானை வாங்க மானாமதுரைக்குப் போகிறேன். சாயம் பூசாத, நன்றாக வேர்க்கிற பானையாகப் பார்த்து எடுக்க அம்மாச்சியும் கூட வருகிறார். உங்கள் வீட்டுக் கொல்லைக்கும் வேண்டுமென்றால் சொல்லுங்கள், சேர்த்தே வாங்கி வருகிறோம். கொத்தவரை விதை என்னிடம் இருக்கிறது.