குட்டிக்கானம் ஏற்றத்தில் ஏறிய முள்

கூடலூர், தேனி மாவட்டம்

அன்பு மகளுக்கு,

எர்ணாகுளத்திலிருந்து வரும் வழியில், முண்டக்கயம் தாண்டிய ஏற்றத்தில் உன் காரின் வெப்பமுள் பாதியைக் கடந்து ஏறியதையும், குட்டிக்கானம் போய்ச் சேர்ந்து சமதளம் பிடித்ததும் அது தானாக இறங்கிவிட்டதையும் போகிற போக்கில் சொல்லிவிட்டு, ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு வண்டியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றியதாகவும் சொன்னாய். போனில் எடுத்துச் சொன்னால் “சரிப்பா” என்று வைத்துவிடுவாய் என்பதால் எழுதுகிறேன்.

முள் இறங்கிவிட்டதே என்று நீ ஆறுதல் கொள்கிறாய்; எனக்குச் சந்தேகம் வந்ததே அதில்தான். இன்ஜினின் சூட்டை வாங்கி வரும் நீரைக் காற்றில் ஆறவைக்கும் ரேடியேட்டர் பெரும்பாலும் ஒரே நாளில் கெடுவதில்லை. உள்ளே இருக்கும் மெல்லிய குழாய்களில் சில அடைத்துக்கொண்டாலும், மீதிக் குழாய்கள் சமதளத்து ஓட்டத்துக்குப் போதுமானவையாக இருக்கும். இரண்டாவது கியரில் இன்ஜின் முக்கிக்கொண்டு மலையேறும்போதுதான் குறை வெளியே தெரியும். ஆகவே வண்டி சூடாகிறதா என்பதைவிட, எங்கே சூடாகிறது என்பதைக் கவனி. எர்ணாகுளத்து வைற்றிலா சிக்னலில் நின்று நின்று நகரும்போது முள் ஏறி, திறந்த சாலையில் காற்றுப் பட்டதும் இறங்கினால், முதலில் ஃபேனைப் பார்க்க வேண்டும். உன் வண்டி நெரிசலில் அமைதியாக இருந்து ஏற்றத்தில் மட்டும் சூடாவதால், ரேடியேட்டர் அடைப்பையே நான் முதலில் சந்தேகிக்கிறேன். சூட்டுக்கேற்ப நீரோட்டத்தைத் திறந்துவிட வேண்டிய தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்காவிட்டாலும், அந்த நீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப் தளர்ந்துபோனாலும் வண்டி இதே போலத்தான் நடந்துகொள்ளும் என்பதால், அவற்றையும் சோதித்துப் பார்க்காமல் ரேடியேட்டரை மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் பணத்தைக் கொடுத்துவிடாதே.

நீ தண்ணீர் ஊற்றியதாகச் சொன்னதும் என் மனத்தை உறுத்துகிறது. இன்ஜினின் சூட்டை ரேடியேட்டருக்கு எடுத்துச் செல்லும் திரவமான கூலண்ட் மூடிய பாதையிலேயே சுற்றி வருவது. பெட்ரோலைப் போலச் செலவாகிற பொருள் அன்று. காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது பிளாஸ்டிக் குடுவையில் அளவைப் பார்த்து, பேனாவால் ஒரு கோடு போட்டு வை. ஒரே வாரத்தில் கோட்டுக்குக் கீழே போனால் எங்கோ கசிகிறது என்று பொருள். இப்போதைய ரேடியேட்டர்களில் அலுமினியத் தட்டும் பிளாஸ்டிக் தொட்டியும் சேரும் ஓரத்தில்தான் கசிவு அடிக்கடி தொடங்கும். காய்ந்துபோன வெள்ளைப் படிவோ கூலண்ட்டின் நிறக் கறையோ அங்கே தெரியும். ஏசியிலிருந்து சொட்டும் நீரைக் கண்டு பயப்படாதே, அது நிறமற்ற வெறும் தண்ணீர். கூலண்ட் பிசுபிசுக்கும், இனிப்பு வாடை அடிக்கும். குடுவைக்குள் செங்காவியாகத் துரு தெரிந்தால் உட்பக்கம் அரிக்கிறது. பால் காப்பி போல எண்ணெய் கலந்த ஆடை மிதந்தால் வண்டியை நகர்த்தவே கூடாது; இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் வரை போயிருக்கலாம்.

கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிப் போன காலத்தில், என் ஜீப் வழியெல்லாம் தண்ணீர் கேட்டது. நானும் ஒரு பருவம் முழுவதும் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரையே ஊற்றி ஊற்றி ஓட்டினேன். கழற்றிப் பார்த்தபோது குழாய்களில் கெட்டிலின் அடியைப் போலச் சுண்ணாம்பு பிடித்திருந்தது, கேஸ்கட்டும் போயிருந்தது. தண்ணீர் ஊற்றியே நான்தான் அதைக் கெடுத்தேன் என்பதை உன் அம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள். பித்தளை ரேடியேட்டர் என்பதால் ஈயப் பற்று வைத்துக் கொஞ்ச நாள் ஓட்ட முடிந்தது. உன் வண்டியின் பிளாஸ்டிக் தொட்டியில் அந்த வித்தை பலிக்காது.

ரேடியேட்டர் மூடியையும் பார்க்கச் சொல். ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தை அது தாங்கிப் பிடிப்பதால்தான் 100 பாகைக்கு மேலும் கூலண்ட் கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் ரப்பர் தளர்ந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அதிலும் குட்டிக்கானம் போன்ற சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் மூன்று பாகை முன்னதாகவே கொதிக்கும். மூடி விலை மலிவு, மாற்றிவிடு.

ஏறும் வழியில் முள் மறுபடியும் உயர்ந்தால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்து வை. வியர்த்தாலும் பரவாயில்லை, இன்ஜினின் சூட்டில் ஒரு பங்கு அந்த வழியாக வெளியேறும். சிவப்பைத் தொட்டால் வளைவில் நிற்காமல் ஓரம் பார்த்து நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு அரை மணி நேரமாவது காத்திரு. சூட்டோடு மூடியைத் திறக்கவே திறக்காதே. கொதிநீர் முகத்தில் பீய்ச்சியடிக்கும். சூட்டோடு குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் இன்ஜின் ஹெட் விரிசல் விடக்கூடும். ஏறியிருந்த முள் திடீரெனக் குளிர்ந்த பக்கம் விழுந்தாலும் நம்பாதே, சென்சாரைத் தொடக் கூலண்ட் இல்லாமல் போனால் முள் அப்படித்தான் விழும்.

அடுத்த முறை கிளம்புவதற்கு முன் அழுத்தம் கொடுத்துக் கசிவைப் பார்க்கும் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லி, குடுவைக் கோட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. அதைப் பார்க்கும் வரை, நீ குமுளி வரைக்கும் பஸ்ஸில் வா. நான் அங்கே வந்து அழைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா