புறக்கணிப்பது சரி, எந்தப் பணத்தை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வீடியோ கேம் நிறுவனங்களின் அடாவடிக்கு மருந்தாக ‘வாங்காமல் விடுங்கள்’ என்ற யோசனை அடிக்கடி சொல்லப்படுகிறது. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பையன்கள் ஆடுவதில் பெரும்பகுதி இலவச செல்போன் கேம்கள். வாங்கவே வாங்காத பொருளை எப்படி வாங்காமல் விடுவது?

புறக்கணிப்பு பலித்ததும் உண்டு, பிசுபிசுத்ததும் உண்டு. 2009-இல் ‘கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2’ வந்தபோது, கணினியில் ஆடுவோர் தாங்களே நடத்திக்கொள்ளும் தனி சர்வர் வசதி இல்லை என்று கோபம் கிளம்பியது. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் புறக்கணிப்புக் குழு தொடங்கினார்கள். வெளியான அன்றே அந்தக் குழுவின் உறுப்பினர் பட்டியலைப் பார்த்தால், பலர் அதே கேமை ஆடிக்கொண்டிருந்தார்கள். உண்ணாவிரதப் பந்தலிலேயே பந்தி! அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மட்டும் முதல் நாளில் 47 லட்சம் பிரதிகள் விற்றன.

2024 மே மாதத்தில் நடந்தது வேறு. ‘ஹெல்டைவர்ஸ் 2’ கேமை ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவர்களும் இனி தன் பிளேஸ்டேஷன் கணக்கை இணைத்தே தீர வேண்டும் என்றது, அந்த கேமை வெளியிட்ட சோனி. அந்தக் கணக்கே தொடங்க முடியாத நாடுகளிலும் கேம் விற்கப்பட்டிருந்தது. ஸ்டீமில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்மறை விமர்சனங்கள் குவிந்தன, பணத்தைத் திருப்பிக் கேட்டும் மனுக்கள் போயின. மூன்றே நாளில் சோனி பின்வாங்கியது. கோரிக்கை ஒன்றே ஒன்று, அதை நிறைவேற்ற ஓர் அறிவிப்பு போதும், கேட்டவர்கள் எல்லாரும் காசு கொடுத்தவர்கள். இந்த மூன்றும் சேராத இடத்தில் கோபம் ஒரு வாரத்தில் ஆறிவிடும்.

பலித்த புறக்கணிப்புக்கும் எல்லை உண்டு. 2017 நவம்பரில் ‘ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2’ வெளியாக இருந்த நேரத்தில் லூட் பாக்ஸ், அதாவது உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் வாங்கும் பெட்டி, பற்றிய விவகாரம் வெடித்தது. வெளியீட்டுக்குச் சில மணி நேரம் முன்பு ஈ.ஏ. நிறுவனம் அந்த கேமுக்குள் காசு வாங்குவதை நிறுத்தியது. 2018 ஏப்ரலில் மீண்டும் தொடங்கியபோது கதாபாத்திரத்தின் தோற்றத்தை மாற்றும் பொருள்களை மட்டுமே விற்றது. ஆனால் அதே நிறுவனத்தின் ஃபிஃபா கால்பந்து கேமில், உள்ளே எந்த வீரர் இருப்பார் என்று தெரியாத பாக்கெட் விற்பனை தொடர்ந்தது. லூட் பாக்ஸ் சூதாட்டமே என்று 2018-இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் சொன்ன பிறகு, 2019 ஜனவரி முடிவில் அந்த நாட்டில் மட்டும், இந்தப் பாக்கெட்டை வாங்க உதவும் ஃபிஃபா பாயின்ட் விற்பனை நின்றது.

இங்கே சிக்கல் இலவச கேம்தான். இவற்றில் வருமானத்தின் பெரும்பங்கு ஆடுவோரில் மிகச் சிலரிடமிருந்தே வருகிறது. மற்றவர்கள் கூட்டம். ஒருவன் காசு போட்டு வாங்கிய ஸ்கின்னை (கதாபாத்திரத்தின் அலங்காரத்தை) பார்த்து வாய்பிளக்க நாலு பேர் வேண்டாமா? அந்த நாலு பேர் விலகினாலும் நிறுவனத்தின் கணக்கில் ஒரு ரூபாய்கூட உடனே குறையாது. குறைய வைக்க வேண்டியது கேமுக்குள் காசு போடும் டாப்-அப்பை.

டாப்-அப் கூகுள் ப்ளே வழியாகப் போயிருந்தால், 48 மணி நேரத்துக்குள் ப்ளேயிலேயே ரீஃபண்ட் கேட்கலாம். கிடைக்கும் என்ற உறுதி கிடையாது. அந்த நேரம் தாண்டினால் கேம் நிறுவனத்திடம்தான் மல்லுக்கட்ட வேண்டும். பல பையன்கள் தெரிந்த அண்ணனிடமோ கடையிலோ ரொக்கம் கொடுத்து கேமுக்குள் செல்லும் காசான டைமண்டோ யூசியோ போடச் சொல்கிறார்கள். அங்கேதான் எல்லாம் கெடுகிறது: வாங்கியதற்கான பதிவு அவர்கள் கணக்கில் இருக்காது, ரீஃபண்ட் கேட்க வழியும் இருக்காது. வார, மாத மெம்பர்ஷிப் இன்னொரு பொறி. கேமை அன்இன்ஸ்டால் செய்தால் சந்தா நின்றுவிடாது. ப்ளே ஸ்டோரின் சந்தாப் பகுதியில் ரத்து செய்துவிட்டு, யுபிஐ செயலியின் ஆட்டோபே பகுதியிலும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அம்மாவின் போன் என்றால், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் கடவுச்சொல் கேட்கும்படி ப்ளே ஸ்டோர் அமைப்பில் மாற்றி வைப்பது நல்லது.

சட்டத்தின் பக்கம் பலரும் கவனிக்காத ஒரு பிடி இருக்கிறது. 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், இணையத்தில் நுகர்வோரை ஏமாற்றும் 13 உத்திகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகின்றன. போலி அவசரம், சந்தாப் பொறி, ஓயாத நச்சரிப்பு எல்லாம் அதில் உண்டு. ‘இன்னும் 10 நிமிடம்தான்’ என்று கடிகாரம் ஓடி முடிந்து, மறுநாள் அதே சலுகை மறுபடியும் வந்தால் போலி அவசரம் என்று வாதாட இடமிருக்கிறது. இரண்டு நாளும் தேதி தெரிய ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைக்க வேண்டும். ஒரு நாள் படம் எதையும் நிரூபிக்காது.

புகாரைத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதியலாம். ஒரே தெருவில் பத்துப் பேர் ஏமாந்திருந்தால் பத்துப் பேரும் தனித்தனியாகப் பதிய வேண்டும். கூகுள் ப்ளே ரசீதில் ஜி.பி.ஏ. என்று தொடங்கும் ஆர்டர் எண், யுபிஐ பரிவர்த்தனை எண், கேமில் ஆடுபவரின் ஐடி மூன்றும் கையில் இருக்கட்டும். அங்கே தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. வடசென்னைக்கென்றே தனி மாவட்ட ஆணையம் செயல்படுகிறது.

— ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை-81