கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி ஓடும் பிள்ளைகள்

லாஸ் ஏஞ்சல்ஸ்,
23.3.2025

அன்புள்ள அத்தானுக்கும் அக்காவுக்கும்,

நான் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று தனியாக எழுதுங்கள். போனில் கேட்டால் "ஒண்ணுமில்லை" என்பதோடு பேச்சை முடித்துவிடுகிறாள்.

மாரத்தான் முடிந்து நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு அத்தான் வாய்ஸ் மெசேஜில் கேட்டீர்கள்: "பதினாறு வயசுப் பிள்ளைகளை நாப்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட விடுறாங்களா? எந்தக் கோட்டிக்காரன் வேலை இது?" அதற்கு வாட்ஸ்அப்பில் பதில் சொல்லி மாளாது. நீங்கள் மைதானத்திலிருந்து வீடு திரும்பும் நேரத்தில் இங்கே நான் காலையில் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருப்பேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முப்பது வருஷம் விசில் ஊதிய பி.டி. வாத்தியாருக்கு அரைகுறையாகச் சொன்னால் பிடிக்காது என்றும் தெரியும்.

அந்தக் கோட்டிக்காரர் பெயர் ஹாரி ஷபாசியன். நான் கணக்கு நடத்தும் இதே பாயில் ஹைட்ஸ் பகுதியில் ஒரு கன்டினியூயேஷன் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். பாடங்களில் பின்தங்கி, வழக்கமான பள்ளியில் குப்பை கொட்ட முடியாமல் போன பிள்ளைகளுக்கான கடைசிப் படி மாதிரி ஒரு பள்ளி அது. 1986இல் முதல் லாஸ் ஏஞ்சல்ஸ் மாரத்தான் நடந்தபோது இவரும் ஓடியிருக்கிறார். முடித்தபோது வந்த தெம்பு தன் பிள்ளைகளுக்கும் கிடைக்கட்டும் என்று அடுத்த ஆண்டு சில பேரைப் பழக்கி அழைத்துப் போனார். பிறகு சக ஆசிரியர்கள் இரண்டு பேர் சேர்ந்துகொள்ள, மற்ற பள்ளிகளுக்கும் பரவியது. ஸ்டூடன்ட்ஸ் ரன் எல்.ஏ. என்று பெயர். இப்போது ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 பிள்ளைகள் சேருகிறார்கள். கூட ஓடும் ஆசிரியர்களே 500 பேருக்கு மேல். எங்களுக்குச் சம்பளம் கிடையாது, ஒரு டீ ஷர்ட் உண்டு. இதைப் பார்த்து ஃபிலடெல்ஃபியாவிலும் 2004இல் ஆரம்பித்து, அங்கேயும் நன்றாக நடக்கிறது.

ஊரைப் பற்றி அக்கா கேட்டாள். பாயில் ஹைட்ஸ் என்பது சினிமாவில் காட்டும் லாஸ் ஏஞ்சல்ஸ் இல்லை. ஒரு காலத்தில் யூதர்களும் ஜப்பானியர்களும் மெக்சிகோக்காரர்களும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்த இடம். இப்போது பெரும்பாலும் மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் குடும்பங்கள். நாலைந்து ஃப்ரீவேக்கள் ஒன்றின் மேல் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொள்வது இந்த ஏரியாவின் தலைமேல்தான். புகையும் இரைச்சலும் இங்கே, அதில் காரில் போகிறவர்கள் வேறெங்கோ. நடைபாதைகளை மரவேர்கள் தூக்கி உடைத்துப் போட்டிருக்கும். ஓடலாம் என்று நினைத்தாலும் எங்கே ஓடுவது?

இருக்கும் நல்ல இடம் எவர்கிரீன் கல்லறைத் தோட்டம். பயப்படாதே அக்கா, உள்ளே இல்லை. அதன் சுற்றுவேலியை ஒட்டி ஒன்றரை மைல் நீளத்துக்கு ரப்பர் பாதை போட்டிருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் கேட்டுக் கேட்டு வாங்கியது. சாயங்காலம் பார்த்தால் பாட்டிகள், தள்ளுவண்டியில் குழந்தையோடு அம்மாக்கள், நாய்கள், நடுவில் எங்கள் பிள்ளைகள். தூரம் கூடக் கூட, 2022இல் திறந்த ஆறாம் தெருப் பாலத்தில் ஏறி ஆற்றைத் தாண்டி டவுன்டவுன் வரை போய் வருவோம்.

இனி அத்தானுக்கு. இங்கே தேர்வு ஓட்டம் கிடையாது. அதுதான் முக்கியம். இந்த மாநிலத்துப் பள்ளி அணிகளில் சேர மதிப்பெண் சராசரி நாலுக்கு 2.0 வேண்டும், கால்பந்து, கூடைப்பந்து என்றால் ஆள் பார்த்துக் கழிப்பார்கள், கன்டினியூயேஷன் பள்ளிகளில் பெரும்பாலும் அணியே இருக்காது. இந்த ஓட்டத்துக்கோ, முதல் நாள் ஜீன்ஸும் தட்டைச் செருப்புமாக வந்து, தெருவைச் சுற்றி வருவதற்குள் நாக்குத் தள்ளி உட்கார்ந்த பையனையும் "நாளைக்கும் வா" என்கிறோம். செப்டம்பர் வாக்கில் தொடக்கம். வாரத்தில் மூன்று நாள் பள்ளி முடிந்தபின், அப்புறம் சனி அல்லது ஞாயிறு நீள ஓட்டம். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான். மூச்சு வாங்கினால் நடக்கலாம். இடையிடையே சின்னப் போட்டிகள்: ஐந்து கிலோமீட்டர், பத்து, பதினைந்து, அரை மாரத்தான், கடைசியாக 18 மைல். நாற்பத்திரண்டை நினைத்தால் யாருக்கும் வயிறு கலங்கும்; போன மாதத்தைவிட ஐந்து கூட என்றால் "சரி மிஸ்" என்கிறார்கள்.

ஷூ, சீருடை, போட்டிக் கட்டணம், பஸ் எல்லாம் இலவசம். ஆசைப்பட்டு ஒருத்தர் தனியாக மாரத்தானுக்குப் பதிந்தால் 150 டாலருக்குக் குறையாது. ஷூவுக்கு இன்னொரு நூறு. இந்த வீடுகளில் அது வாடகைப் பணத்தில் கை வைக்கிற காரியம். ஷூ கொடுத்த அன்று ஒரு பெண் அதைப் போடவே இல்லை. பெட்டியோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். மறுநாள் பழைய ஷூவிலேயே வந்தவளிடம் ஏன் என்றால், "வெளியே போட்டால் அழுக்காகிவிடும் மிஸ்" என்கிறாள். மழை நாளில் ரப்பர் பாதையில் ஓடவைத்து, சேறு பட்டபிறகுதான் அது ஓடுகிற ஷூ ஆனது.

படிவத்தில் பெற்றோர் கையெழுத்து வாங்குவது பெரிய பாடு. டாக்டர் சான்றிதழ் வேண்டும், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று எழுத வேண்டும். காகிதம் என்றாலே பயந்து கதவைச் சாத்தும் குடும்பங்கள் இந்த வருஷம் அதிகம். குடியேறி வந்தவர்களைப் பிடித்து நாடு கடத்திவிடுவார்களோ என்ற பயம்தான், அங்கேயும் செய்தி பார்க்கிறீர்கள்.

நான் ஏன் இதில் மாட்டினேன் என்றால், வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன். அல்ஜீப்ராவில் இரண்டு முறை ஃபெயில். ஒரு ஞாயிறு நீள ஓட்டத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே வேகம். மைலுக்குப் பதின்மூன்று நிமிஷம் இருபது செகண்டு. எதிரெதிரே உட்கார வைத்துக் கேட்டால் தோளைக் குலுக்குகிறவன், பக்கத்தில் ஓடும்போது தானாகப் பேசினான். மாமாவின் டாக்கோ வண்டியில் ராத்திரி பதினொன்று வரை வெங்காயம் நறுக்குகிறானாம். பிறகு திடீரென்று, "மிஸ், இதே வேகத்தில் போனால் 18 மைல் சரியா நாலு மணி நேரம்" என்றான். எப்படி என்றேன். "இருபது செகண்டு மூணு சேர்ந்தா ஒரு நிமிஷம். அப்போ மூணு மைலுக்கு நாப்பது. ஆறு தடவை." அத்தான், பின்னத்தை இதைவிட அழகாக நான் நடத்தியதில்லை. இதே பகுதியை ஒட்டிய கார்ஃபீல்ட் பள்ளியில் எண்பதுகளில் பொலிவியாவிலிருந்து வந்த ஹைமே எஸ்கலான்டே என்ற வாத்தியார் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குக் கால்குலஸ் நடத்திக் காட்டினார். அவரை இன்றும் சுவரில் வரைந்து வைத்திருக்கிறார்கள். நான் அந்த ரகம் இல்லை. ஆனால் பையன் இப்போது வகுப்பில் கை தூக்குகிறான்.

உடம்புக்கு ஆகுமா என்ற உங்கள் கேள்வி நியாயமானது. நம் மும்பை மாரத்தானில் முழு தூரத்துக்குப் பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும். இங்கேயும் டாக்டர்கள் இரு கட்சியாகத்தான் இருக்கிறார்கள். மினசோட்டாவின் ட்வின் சிட்டீஸ் மாரத்தானில் 26 ஆண்டுகளில் முடித்த 310 சிறுவர் சிறுமியரின் பதிவுகளைப் பார்த்ததில், ஓட்ட நாளன்று மருத்துவ உதவி தேடி வந்தது நாலே முறைதானாம், அதுவும் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அது அந்த ஒரு நாளைப் பற்றித்தான் பேசுகிறது. வளரும் எலும்பைப் பற்றி அல்ல. என் கண்ணுக்குத் தெரிந்தது: வேகத்தை விரட்டாததால் அடிபடுவது குறைவு. ஐந்தரை, ஆறரை மணி நேரம் எடுத்து முடிக்கிற ஓட்டத்துக்கும் மெடலுக்காகப் பிழிகிற ஓட்டத்துக்கும் வித்தியாசம் உண்டு. முழங்கால் வலி என்று சொன்னால் அன்றைக்கு நிறுத்திவிடுவோம்.

சேர்ந்து ஓடும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளில் 95 விழுக்காட்டுக்கு மேல் பள்ளிப்படிப்பை முடிக்கிறார்கள் என்று அமைப்பு பெருமையாகச் சொல்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் கணக்கு டீச்சருக்கு அரிக்கிறது. ஆறு மாதம் விடியற்காலையில் எழுந்து வருகிற பிள்ளை எப்படியும் பாஸாகிற பிள்ளையாகவும் இருக்கலாமே? பாதியில் நின்றுபோனவர்கள் எந்தக் கணக்கில்? எங்கள் குழுவிலும் நின்றார்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஒருத்தி, வேலை நேரம் மாறிவிட்டது என்று ஒருவன். ஓட்டம் வாடகை கட்டாது.

ஜனவரி 7ஆம் தேதி பிடித்த தீயை டிவியில் பார்த்திருப்பீர்கள். பசிபிக் பாலிசேட்ஸ் ஒரு பக்கம், ஆல்டடீனா இன்னொரு பக்கம். எங்களுக்குத் தீ வரவில்லை, சாம்பல் வந்தது. ஜன்னல் விளிம்பில் விரலால் கோடு போடலாம். பள்ளிகளை மூடினார்கள். அந்தக் காற்றில் ஓடக் கூடாது என்பதால் பயிற்சியும் நின்றது. சரியாகத் தூரம் கூட்ட வேண்டிய மாதம். அப்புறம் பள்ளி வராந்தாவில் படிக்கட்டு ஏறி இறங்கிச் சமாளித்தோம்.

மார்ச் 16, மாரத்தான். நல்ல குளிர். டாட்ஜர் ஸ்டேடியத்தில் ஆரம்பம். சைனாடவுன், லிட்டில் டோக்கியோ, ஹாலிவுட், பெவர்லி ஹில்ஸ் என்று போய் செஞ்சுரி சிட்டியில் முடிவு. பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்திலிருக்கும் பெவர்லி ஹில்ஸை எங்கள் பிள்ளைகளில் சிலர் அன்றுதான் முதலில் பார்த்தார்கள், அதுவும் நடு ரோட்டில் ஓடி. முதலாவதாக வந்தவர் மேத்யூ ரிச்ட்மன், அமெரிக்கர், 2:07:56. ஆண்களில் அமெரிக்கர் ஒருவர் ஜெயிப்பது 1994க்குப் பிறகு இப்போதுதான் என்று ஊரே பேசுகிறது. அவர் முடித்தபோது எங்கள் பிள்ளைகள் பாதி தூரத்தைக்கூடத் தொடவில்லை. வழியெல்லாம் யார் யாரோ ஆரஞ்சுச் சுளை நீட்டுகிறார்கள், "சி சே புவேதே" (ஸ்பானிஷில் "முடியும்") என்று கத்துகிறார்கள்.

கடைசியில் வருகிறவரோடு ஒரு ஆசிரியர் வர வேண்டும். அது நான். கூட அந்த ஷூ பெட்டிக்காரி. நேரம் ஆக ஆக ரோட்டை வண்டிகளுக்குத் திறந்துவிடுகிறார்கள், நாங்கள் நடைபாதைக்கு ஏற வேண்டும். 24ஆவது மைல் தாண்டி சான்டா மோனிகா பூலவார்டில் சிவப்பு சிக்னல். நின்றால் கால் பிடித்துக்கொள்ளும். "மிஸ், யாரும் வரலையே" என்று பார்க்கிறாள். நிற்கத்தான் வேண்டும் என்றேன். போஸ்டைப் பிடித்துக்கொண்டு இருந்த இடத்திலேயே காலைத் தூக்கித் தூக்கி வைத்தாள். பக்கத்தில் காரில் இருந்தவர் கண்ணாடியை இறக்கி, எத்தனை மைல் என்று கேட்டார். சொன்னதும் ஹார்ன் அடித்தார், பின்னால் இருந்தவர்களும் என்னவென்று தெரியாமலே அடித்தார்கள். பச்சை விழுந்ததும் போனோம். ஓடி முடித்த அத்தனை பேருக்கும் ஒரே மெடல்தான், அவளுக்கும் அதேதான்.

இதில்தான் அத்தானோடு எனக்குச் சண்டை. கோவில்பட்டி மைதானத்தில் நூறு பேர் ஓடி மூன்று பேரை மாவட்டப் போட்டிக்கு எடுப்பீர்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டா, அரசு வேலை, அதெல்லாம் ஒரு குடும்பத்தையே தூக்கிவிடும். அதை நான் மறுக்கவில்லை. மீதித் தொண்ணூற்றேழு பேர்? பள்ளி விளையாட்டு விழாவில் நாற்காலி தூக்கிப் போட்ட கூட்டத்தில் நானும் ஒருத்தி. வாரம் ஒரு நாள், தேர்வு இல்லாமல், நீங்களும் கூடவே ஓடினால் எத்தனை பேர் வருவார்கள் என்று பாருங்களேன். வயிறும் குறையும், அக்கா சந்தோஷப்படுவாள்.

மற்றபடி வாழ்க்கை ஓடுகிறது. பிலிப்பைன்ஸ் டீச்சரோடு வீடு பகிர்ந்திருக்கிறேன், அவள் கருவாடு வறுக்கும் நாளில் நம் வீட்டு ஞாபகம் வரும். மாதம் ஒரு தடவை ஆர்ட்டீசியா கடைத்தெருவில் பருப்பும் கறிவேப்பிலையும். மலிபு பெருமாள் கோயிலுக்குத் தைப் பொங்கலன்று போகத் திட்டமிருந்தது, தீயினால் முடியவில்லை. நீங்கள் கொடுத்துவிட்ட கடலை மிட்டாயைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாமல் போயிற்று. கடலை அலர்ஜி இருக்கும் பிள்ளைகள் உண்டு, பள்ளியில் அனுமதி இல்லை. டீச்சர்கள் தின்று தீர்த்துவிட்டு இன்னும் கேட்கிறார்கள். எள்ளுருண்டை அனுப்பலாமா என்று அக்கா யோசிக்க வேண்டாம், எள்ளும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. ஜூனில் பக்கத்துத் தெருப் பையன் வருகிறான் அல்லவா, அவனிடம் கருப்பட்டியும் இட்லிப் பொடியும் கொடுத்துவிடுங்கள். கருப்பட்டியைச் சின்னத் துண்டாக உடைத்துக் கட்டுங்கள், நீள ஓட்டத்தில் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள வசதியாக இருக்கும்.

பிரியமுடன்,
உங்கள் கொழுந்தியாள்