பார்லியும் சேர்த்திதான், கண்ணா

கண்ணா,

அப்பாவுக்குச் சளி விட்டுவிட்டது, அக்கா வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள். "நல்லா இருக்கேன்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறாய், அதற்கு மேல் கேட்டால் உனக்கு எரிச்சல் வருகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

நண்பர்களோடு நீ நிற்கிற படத்தைப் பார்த்தேன். முகத்தில் சிரிப்பு இருந்தது, சந்தோஷம். மேஜையில் இருந்ததைப் பற்றி எதுவும் கேட்கப் போவதில்லை, அப்பாவுக்கும் காட்டவில்லை. ஆனால் உனக்கு ஆகாத க்ளூட்டன் என்கிற புரதம் கோதுமையில் மட்டும் இல்லை, பார்லியும் ரை என்கிற தானியமும் சேர்த்திதான், பார்லியை முளைகட்டி எடுக்கிற மால்ட்டும் அப்படித்தான். தட்டில் இருந்தாலும் சரி, டம்ளரில் இருந்தாலும் சரி.

வயிறு ஒன்றும் செய்யவில்லையே, பரவாயில்லை என்று இருக்கிறாயோ என்பதுதான் என் பயம். உனக்கு இருக்கிற சீலியாக், அதாவது க்ளூட்டன் உள்ளே போனால் உடம்பே சிறுகுடலைத் தாக்குகிற நோய், அப்படி இல்லை. வலியே இல்லாமலும் சிறுகுடலின் உறிஞ்சிகள் தேய்ந்துகொண்டே போகும், அப்புறம் இரும்புச்சத்து, கால்சியம் எதுவும் உடம்பில் ஒட்டாது. மாத்திரை போட்டும் ஏறாத உன் ஹீமோகுளோபின் கோதுமையை விட்ட பிறகுதானே ஏறியது, மறந்துவிட்டாயா? சின்ன வயதிலேயே பாக்கெட்டைத் திருப்பிப் படித்து, "மால்ட் இருக்கும்மா, வேண்டாம்" என்று நீயே எடுத்த இடத்தில் வைப்பாய். அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொல்லிப் பூரித்துப்போவேன். அவ்வளவு கவனமாக இருந்த பிள்ளைக்கு இப்போது என்ன வந்தது?

உன் அறைத் தோழன் ரொட்டி சுடுகிற டோஸ்டரில் நீ சுடாதே. ரொட்டித் தூள் ஒட்டிய கத்தியை வெண்ணெய் டப்பாவில் விட்டாலே போச்சு, உனக்குத் தனி டப்பா வை, பேர் எழுதி வை, அவன் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும். க்ளூட்டன் ஃப்ரீ என்று விற்கிற பொருளிலேயே கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறார்கள், ஒரு கடி ரொட்டியே அதை எங்கேயோ தாண்டிவிடுமே? ஓட்ஸ் வாங்கினாலும் க்ளூட்டன் ஃப்ரீ என்ற அந்த வார்த்தை இருக்கிறதா என்று பார்.

கூடப் பிறந்தவர்களுக்கும் பெற்றவர்களுக்கும் வரலாம் என்று டாக்டர் சொன்னாரே, நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டோம், யாருக்கும் இல்லை. உனக்கு மட்டும் வந்ததே என்று இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது.

சீலியாக் அடங்கியிருக்கிறதா என்று பார்க்கிற டிடிஜி ரத்தப் பரிசோதனைக்கு நாள் தள்ளிக்கொண்டே போகிறாய். இந்த மாதம் போய் எடுத்துவிடு. நல்லதோ கெட்டதோ ரிசல்ட்டை அனுப்பு, திட்டமாட்டேன். தனி டோஸ்டருக்குப் பணம் போட்டுவிடுகிறேன், வேறு எதற்கும் செலவு செய்துவிடாதே.

அம்மா