429 கோடிக்குள் ஒளிந்திருந்த 641

ஆசிரியருக்கு வணக்கம்.

புதிதாக ஒரு பெரிய பகா எண் (1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண்) கிடைத்தால், அதில் எத்தனை இலக்கம் என்பது மட்டும்தான் செய்தியாக வருகிறது. 2024 அக்டோபரில் வந்த எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். சரி, அதை வைத்துக்கொண்டு படிக்கிற பிள்ளை என்ன செய்யும்? வாயைப் பிளந்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடும். பத்து இலக்க எண் ஒன்றைப் போடுங்கள், நோட்டை எடுத்துத் தானே கணக்குப் போட்டுப் பார்க்கும்.

நான் சொல்வது 4294967297. அதாவது 2-இன் 32ஆம் அடுக்கோடு ஒன்று. இதே வரிசையில் இதற்கு முன் வரும் (2-இன் 1, 2, 4, 8, 16ஆம் அடுக்குகளோடு ஒன்று கூட்டிய) 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள், அதனால் இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று 17ஆம் நூற்றாண்டில் பெர்மா நம்பினார். அவ்வளவு பெரிய கணித மேதை, ஆனாலும் தவறிவிட்டார். 1732-இல் சுவிஸ் கணித மேதை ஆய்லர் இதை உடைத்துக் காட்டினார்: 641 × 6700417.

641 எங்கிருந்து வந்தது? இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும் அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவது முயற்சியிலேயே மாட்டிக்கொள்கிறது!

பெருக்கிப் பார்க்காமலே இதை நிறுவவும் முடியும், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 641 என்பது 5 × 128 + 1, எனவே 5 × 128-ஐ 641-ஆல் வகுத்தால் மீதி −1 என்று கொள்ளலாம். இதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 1, அதாவது 625 × (2-இன் 28ஆம் அடுக்கு) மீதி 1 தரும். ஆனால் 641 என்பது 625 + 16-உம் கூட, ஆகவே 625 இருக்கும் இடத்தில் −16 போடலாம். 16 என்பது 2-இன் 4ஆம் அடுக்கு, 28-உம் 4-உம் சேர்ந்து 32, ஆக −(2-இன் 32ஆம் அடுக்கு) மீதி 1 தருகிறது. அப்படியானால் 2-இன் 32ஆம் அடுக்கு மீதி −1 தரும், அதோடு ஒன்றைக் கூட்டிய நம் எண்ணுக்கு மீதியே இல்லை. ஒரே 641-ஐ இரண்டு விதமாகப் பிரித்ததில் வேலை முடிந்துவிட்டது.

பக்கத்து எண்ணையும் விட வேண்டாம். மேலே சொன்ன ஐந்து பகா எண்களையும் பெருக்கினால் சரியாக 4294967295, நம் எண்ணுக்கு இரண்டு குறைவு. கணினியில் 32 பிட்டுகளில் (0 அல்லது 1 எழுதும் இடங்களில்) அடங்கும் மிகப் பெரிய முழு எண்ணும் அதுவே.

அடுத்த முறை 'உலகின் மிகப் பெரிய' என்று ஓர் எண் வரும்போது, அதன் பக்கத்தில் இந்த 641-க்கும் ஒரு பெட்டிச் செய்தி அளவு இடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
கணக்கை நேசிக்கும் வாசகர்